பதினோராவது பொத்தான்

“பைத்தானை எதில் எழுதுறது அம்மா?”

கேட்டவர் பரஞ்சோதி. வயது ஐம்பத்தெட்டு. தொலைபேசித் துறையில் முப்பது வருடம் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர்.

கேட்கப்பட்டவள் செண்பகவல்லி. வயது முப்பத்தொன்று. முகில்தங்கி மலை உச்சியில், ஒயர்லெஸ் கோபுரத்தின் காலடியில் உள்ள ஒற்றை அறையில் இருந்துகொண்டு அந்தக் கோபுரத்தைப் பார்த்துக்கொள்பவள். அதற்கு முன்னால் பட்டணத்தில் பெரிய கம்பெனிகளுக்குப் புரோகிராம் எழுதியவள். ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று யாராவது கேட்டால் டீ கொடுப்பாள்.

பைத்தான் என்பது பாம்பு இல்லை. கணினிக்கு வேலை சொல்லும் மொழி. அந்த மொழியில் எழுத ஒரு பலகை வேண்டும். அதற்கு எடிட்டர் என்று பெயர். பலகைகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. பரஞ்சோதியின் நோய் அதுதான்.

கீழே நெல்லிக்குறிச்சியில் கணினி கெட்டுப்போனால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். கணினிக்கு முன்னால் இருப்பவர் கெட்டுப்போனால் இங்கே ஏறி வருவார்கள்.

ஏறுவது லேசில்லை. ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். இறங்கும்போது எண்ணினால் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுதான் இருக்கும். மீதிப் பதினான்கை மேகம் எடுத்துக்கொண்டு போய்விடும். சாயங்காலத்துக்குள் திருப்பி வைத்துவிடும். நானே எண்ணியிருக்கிறேன்.

“உட்காருங்க அண்ணாச்சி,” என்றாள் செண்பகவல்லி.

“உட்கார நேரமில்லை அம்மா. பதிலைச் சொன்னீங்கன்னா இறங்கிருவேன்.”

அப்போது ஜன்னல் வழியாக ஒரு மேகம் உள்ளே வந்தது. சின்ன மேகம். வாசலில் கால் துடைத்துவிட்டு வந்த மாதிரி பதவிசாக வந்தது.

“நீயாவது உட்காரு,” என்றாள்.

மேகம் காலி நாற்காலியில் உட்கார்ந்தது.

*

“என்னென்ன பார்த்தீங்க?”

பரஞ்சோதி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அந்தக் காலத்தில் எந்தக் கம்பத்தில் எந்த ஒயர் அறுந்தது என்று எழுதி வைக்கும் நீள நோட்டு.

“பைசார்ம், வி.எஸ். கோட், ஜூப்பிட்டர், ஸ்பைடர், தோனி…”

“எத்தனை?”

“மொத்தம் பதினொண்ணு. ஒண்ணு, தப்பு வந்தா சிவப்புக் கோடு போடுது. ஒண்ணு, துண்டு துண்டா ஓட்டிப் பாக்க விடுது. ஒண்ணு, நான் நினைக்கிறதுக்கு முந்தியே மீதியை எழுதிக் காட்டுது. எல்லாமே நல்லாத்தான் இருக்கு அம்மா.”

“பிறகென்ன?”

“எல்லாமே நல்லா இருந்தா எப்படி எடுக்கிறது?”

மூலையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

தாவீது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு சந்தேகம் கேட்க ஏறி வந்தவர். தான் திறந்த எடிட்டரை எப்படி மூடுவது என்பதுதான் சந்தேகம். செண்பகவல்லி மூன்று விசைகளைச் சொன்னாள். மூடிக்கொண்டது. மூடிய பிறகு எங்கே போவதென்று தாவீதுக்குத் தெரியவில்லை. தங்கிவிட்டார். டீ போடுவது இப்போது அவர்தான், செண்பகவல்லிக்குக் கை ஒழியாதபோது.

“சரி,” என்றாள் செண்பகவல்லி. “என்ன எழுதப் போறீங்க?”

பரஞ்சோதி நோட்டை மூடினார். இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நாளாகிவிட்டது போலிருந்தது.

“எங்க அண்ணனுக்குப் பேச்சு எழுதப் போறேன்.”

*

அண்ணன் பெயர் அம்பலவாணன். நெல்லிக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்புச் சொன்னவர். இருபத்தாறு வருடம்.

“அவரு குரல் எனக்குத் தெரியும்,” என்றாள் செண்பகவல்லி.

தெரியாமல் இருக்காது. கீழ்க்காற்று அடித்தால் அந்தக் குரல் மலை ஏறி வரும். தென்காசி வண்டி புறப்படத் தயாராக இருக்கிறது என்று அவர் அங்கே சொன்னால் இங்கே ஆடுகள் தலை தூக்கும். இரண்டாவது தடவை சொன்னால் பட்டிக்குத் திரும்பும். ஒருநாள் அந்த வண்டி ரத்தாகி, ஆடுகள் விடிய விடியக் காட்டிலேயே நின்றன. ஆட்டுக்காரன் வந்து பஸ் ஸ்டாண்டில் சண்டை போட்டான்.

“மாசி மாசம் பக்கவாதம் வந்துச்சு,” என்றார் பரஞ்சோதி. “வலது கை போச்சு. பேச்சும் போச்சு. புத்தி தெளிவா இருக்கு. நாம கேட்டா ஆமா, இல்லைன்னு தலையாட்டுவாரு. ஆனா நாம கேக்கணும். அவரா ஒண்ணும் சொல்ல முடியாது.”

“ம்.”

“கம்ப்யூட்டர்ல பெரிய பெரிய பொத்தானாப் போடணும். இடது கையால தொட்டா அது பேசணும். தண்ணின்னு தொட்டா தண்ணின்னு சொல்லணும். அவ்வளவுதான். இதுக்காகவே பைத்தான் படிச்சேன். போன்ல வீடியோ பாத்துப் பாத்து. ஒரு மாசத்துல படிச்சுட்டேன்.”

“எப்ப?”

“சித்திரையில.”

“இப்ப ஐப்பசி.”

“ஆமா அம்மா. எதில எழுதுறதுன்னு இன்னும் முடிவாகலையே.”

தாவீது இந்த முறை சிரிக்கவில்லை.

“பத்து நாளா அண்ணன் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுதாரு,” என்றார் பரஞ்சோதி. “முந்தியெல்லாம் யாரு வந்தாலும் முகத்தைப் பாப்பாரு. இப்ப இல்ல. டாக்டர் சொல்லுதாரு, அந்த இடது கையையும் அசைக்காமலே விட்டா அதுவும் மறந்துபோகுமாம். மனசு விட்டுட்டாருன்னா பிறகு நீ பொத்தான் வச்சா என்ன, வைக்காட்டி என்னன்னு கேக்காரு.”

நாற்காலியில் இருந்த மேகம் கொஞ்சம் குனிந்துகொண்டது.

“வீட்டுல அண்ணன் பக்கத்துல எவ்வளவு நேரம் இருப்பீங்க?”

“நாள் முழுக்கப் பக்கத்துலதான் அம்மா. ஒரே ரூம்தானே. அவரு கட்டில் இங்க. என் மேஜை அங்க. முதுகுக்குப் பின்னாலதான் அண்ணன் இருப்பாரு.”

செண்பகவல்லி ஜன்னலைப் பார்த்தாள். அங்கே பள்ளத்தாக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது.

“போயி அண்ணன்கிட்ட கேட்டுட்டு வாங்க.”

“எந்த எடிட்டர்னா?”

“எந்த வார்த்தைன்னு. முதல்ல எந்த வார்த்தை வேணும்னு.”

“அவருக்குத்தான் பேச்சு இல்லையே.”

“அதனாலதான் கேக்கச் சொல்லுதேன்.”

*

ஏழு நாள் கழித்துத் திரும்பி வந்தார்.

“உட்காருங்க. கேட்டீங்களா?”

“நிக்கேன், பரவாயில்லை. கேக்கத்தான் அம்மா போனேன். லேப்டாப்பை மூடிட்டுக் கேப்போம்னு போனா, மூட விடலை. அப்டேட் வந்துட்டுது. ஒண்ணு ரெண்டுக்கில்ல, ஏழுக்கு. அப்டேட் ஆனதும் ஒவ்வொண்ணும் வேற மாதிரி ஆயிட்டுது. மறுபடியும் முதல்லேர்ந்து பாக்க வேண்டியதாப் போச்சு.”

“அண்ணன்?”

“அப்படியேதான். சுவரைப் பாத்துக்கிட்டு.” நிறுத்தினார். “அம்மா, இன்னொரு சந்தேகம். கறுப்புப் பின்னணியில வெள்ளை எழுத்து நல்லதா, வெள்ளைப் பின்னணியில கறுப்பு எழுத்தா?”

செண்பகவல்லி எழுந்து டீ போடப் போனாள்.

“டீ ஆகுற வரைக்குமாவது உட்காரும்வே,” என்றார் தாவீது.

“இப்படியே இருக்கேன்.”

பரஞ்சோதி வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். நின்றபடியே தூங்கிப்போனார்.

இதை நம்பாதவர்கள் கம்பம் ஏறுகிறவர்களிடம் விசாரித்துக்கொள்ளலாம். இடுப்புப் பட்டையைக் கம்பத்தோடு சேர்த்து மாட்டிவிட்டு, இருபதடி உயரத்தில், மத்தியான வெயிலில், ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, இறங்கி வந்து லைன் சரியாகிவிட்டது என்று சொல்லுவார்கள். லைனும் சரியாகியிருக்கும்.

மேகம் அவருடைய தோளில் ஏறியது. காதில் இறங்கியது.

*

கனவில் அவர் அண்ணனைக் கட்டிலோடு முதுகில் சுமந்துகொண்டு போனார். கட்டில் கனக்கவில்லை. அண்ணன் கனத்தார்.

ஒரு தெரு வந்தது. பதினோரு வீடுகள்.

முதல் வீடு அரண்மனை. கதவைத் தட்டினார். காவல்காரன் எட்டிப் பார்த்து, “உள்ளே சாமான்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறோம். பொறு,” என்றான். பொறுத்தார். பொழுது இறங்கி ஏறியது. கதவு திறந்தது. உள்ளே நானூறு அறைகள்.

“அண்ணன் கட்டிலை எங்கே போடலாம்?”

காவல்காரன் நானூறு சாவிகள் கோத்த கொத்தை எடுத்துக் காட்டினான். ஒவ்வொரு சாவியாகப் பெயர் சொன்னான்.

இரண்டாவது வீடு சின்னது. ஆனால் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஆளுக்கோர் அறையைத் தலையில் தூக்கி வந்து அதோடு ஒட்டிவிட்டுப் போனார்கள்.

“கட்டிலை எங்கே போடலாம்?”

“அதற்கென்று ஓர் அறை வந்துகொண்டிருக்கிறது,” என்றார்கள்.

மூன்றாவது வீட்டில் அறைகளுக்கு எண் போட்டிருந்தது. எட்டாவது அறையில் சொன்னது மூன்றாவது அறைக்குத் தெரிந்தது. நான்காவது அறைக்குத் தெரியவில்லை.

அடுத்த வீட்டில் சுவரே எழுதியது. பரஞ்சோதி வாய் திறந்து, “அண்ணன்,” என்றார். “அண்ணன் சாப்பிட்டுவிட்டார்,” என்று சுவர் எழுதி முடித்தது. “இல்லை, அண்ணன்…” என்றார். “அண்ணன் நலமாக இருக்கிறார்,” என்று எழுதியது. அவர் வாயை மூடிக்கொண்டார். சுவர் எழுதிக்கொண்டே இருந்தது.

வீடு வீடாக ஏறினார். எல்லா வீடும் அழகாக இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அவரை உட்கார வைத்துச் சுவர்களுக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார்கள்.

பதினோராவது வீட்டு வாசலில் திடீரென்று முதுகு லேசானது.

திரும்பிப் பார்த்தார். கட்டில் இல்லை. அண்ணன் தெருவுக்கு வெளியே, வீடே இல்லாத வெறும் வெளியில், பனிமூட்டத்துக்குள் தரையில் உட்கார்ந்திருந்தார். கடைசி வண்டிக்குக் காத்திருக்கிறவர் மாதிரி.

அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

*

கண் விழித்தபோது டீ ஆறியிருந்தது. மேகம் நாற்காலிக்குத் திரும்பியிருந்தது.

கனவைச் சொன்னார்.

“என்ன புரிஞ்சுது?” என்றாள் செண்பகவல்லி.

பரஞ்சோதி கண்ணை மூடி யோசித்தார். முகம் தெளிந்தது.

“புரிஞ்சுட்டுது அம்மா. வீட்டை ஒவ்வொண்ணாப் பாத்ததுதான் தப்பு. எல்லாத்தையும் ஒரே பட்டியல்ல போட்டு மார்க் கொடுக்கணும். அப்பத்தான் முடிவாகும்.”

தாவீதுக்கு டீ புரையேறியது.

“எப்படிவே மார்க் போடப் போறீரு?”

“ஒவ்வொண்ணுக்கும் இருபத்திரண்டு கேள்வி. பதினொண்ணுக்கும் கையால கூட்டினாத் தப்பு வரும். அதுக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதிட்டாப் போச்சு.”

செண்பகவல்லி தம்ளரைக் கீழே வைத்தாள். 

“எழுதுங்க,” என்றாள். “நல்லா எழுதுங்க.”

*

கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்டது. படிகளில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பரஞ்சோதி அதற்கு எதிராக ஏறி வந்தார். லேப்டாப்பை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்து, மேலே துண்டால் கட்டியிருந்தார். பார்க்கக் கர்ப்பிணி மாதிரி இருந்தார்.

“உட்காருங்க.”

“இல்லை அம்மா. இன்னைக்கு நீங்க சொல்லியே ஆகணும்.” மூச்சு வாங்கியது. “அண்ணன் நேத்துச் சாப்பாட்டுக்கும் திரும்பலை. கரண்டியை வாய்க்கிட்ட கொண்டுபோனா கண்ணை மூடிக்கிடுதாரு. கையைத் தொட்டுப் பாத்தேன். விரலை மடக்கச் சொன்னேன். மடக்கலை.”

“புரோகிராம் எழுதினீங்களா?”

“எழுதிட்டேன். அதுலதான் சிக்கல். ரெண்டு எடிட்டர் சமமா வந்துட்டுது. ரெண்டுக்கும் எண்பத்தேழு. ரெண்டுல எதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா இன்னைக்கே அண்ணனுக்கு எழுத ஆரம்பிச்சிருவேன்.”

“காட்டுங்க.”

பைகளை அவிழ்த்தார். லேப்டாப் நனையவில்லை. அவர்தான் நனைந்திருந்தார்.

திரையில் பதினோரு பொத்தான்கள் வந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஒவ்வொன்றிலும் ஓர் எடிட்டரின் பெயர், தமிழில், தடித்த எழுத்தில்.

தாவீது விரலை நீட்டி முதல் பொத்தானைத் தொட்டார்.

“பைசார்ம். எண்பத்தேழு மார்க்,” என்றது லேப்டாப். சளி பிடித்த பெண் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு குரல்.

“ஏய், இது பேசுதே,” என்றார் தாவீது.

“பேசும். அண்ணனுக்கு எழுதும்போது பேச வைக்கணும் இல்லையா. வருமான்னு இதுல சும்மா போட்டுப் பாத்தேன்.”

“எழுத்து ஏன்வே இவ்வளவு பெருசா இருக்கு?”

“அண்ணனுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். கட்டில்லேர்ந்து தெரியுற அளவு எதுன்னு இதுலயே அளந்து வச்சுக்கிட்டேன்.”

“தொட்டவுடனே கேக்குதே.”

“இடது கை விரல் நடுங்கும். லேசாப் பட்டாலும் கேக்கணும்னு…” பரஞ்சோதி மழையைத் துடைத்தார். “அதெல்லாம் இருக்கட்டும் அம்மா. ரெண்டுல எது?”

செண்பகவல்லி திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“எத்தனை நாள் ஆச்சு எழுத?”

“ஆறு நாள். ரொம்பக் கஷ்டப்பட்டுட்டேன். பைத்தானுக்கு வரி ஆரம்பத்துல விடுற வெற்றிடம்கூடக் கணக்கு இல்லையா? அதைக் கையால எண்ணி எண்ணித் தட்டணும். ஒவ்வொரு வரிக்கும் நாலு தட்டு. ஒரு இடத்துல மூணு தட்டிட்டேன். ஒரு பகல் முழுக்க ஓடவே மாட்டேன்னுட்டுது.”

“கையால எண்ணினீங்களா?”

“ஆமா.”

“ஏன்? அந்த வெற்றிடத்தை அதுவாவே போட்டுக்கிடுற எடிட்டர் பதினொண்ணு வச்சிருக்கீங்களே.”

“அதுல எழுதலை அம்மா.”

“பிறகு எதில எழுதினீங்க?”

“நோட்பேடுல.”

“நோட்பேடா?” என்றார் தாவீது. “கம்ப்யூட்டரோட சும்மா வருமே, கடிதாசி எழுத, அதுலயா?”

“அதுலதான்.”

“ஏன்வே?”

பரஞ்சோதிக்குக் கேள்வியே விசித்திரமாக இருந்தது.

“எதில எழுதுறதுன்னுதான் இன்னும் முடிவாகலையே.”



“நோட்பேடுக்கு எத்தனை மார்க்?” என்றாள் செண்பகவல்லி.

“அதைப் பட்டியல்ல சேக்கலை. அதெல்லாம் ஒரு…”

நிறுத்தினார்.

வாய் திறந்தபடியே இருந்தது. மேகம் நாற்காலியிலிருந்து எழுந்து அறை முழுக்கப் பரவியது. சுவர்கள் போயின. தாவீது போனார். திரை மட்டும் ஒரு வெளிச்சச் சதுரமாக மிதந்தது.

அந்தச் சதுரத்துக்குள் செண்பகவல்லியின் விரல்கள் வந்தன. நோட்பேடைத் திறந்தாள். பட்டியலில் முதல் பெயரை அழித்தாள். அந்த இடத்தில் ‘தண்ணி’ என்று அடித்தாள். சேமித்தாள். ஓட்டினாள்.

“தொடுங்க.”

பரஞ்சோதி தொட்டார்.

“தண்ணி. எண்பத்தேழு மார்க்,” என்றது குரல்.

“அந்த மார்க் வரியை எடுத்திருவோம்,” என்றாள்.

எடுத்தாள்.

“இப்பத் தொடுங்க.”

“தண்ணி.”

பரஞ்சோதி மறுபடி தொட்டார்.

“தண்ணி.”

மூன்றாவது தடவை தொடவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீர் என்றுதான் தாவீது பிறகு எல்லாரிடமும் சொன்னார்.

*

மீதியை அவரே அடித்தார். நின்றபடியே. ஒரு பெயரை அழிப்பார், ஒரு வார்த்தை வைப்பார். வலிக்குது. புரட்டிப் படுக்க வை. ஃபேன். சாப்பாடு. டீ. பாத்ரூம். குளிருது. வெளிச்சம். போதும்.

பத்து ஆனது. பதினோராவது பெயரை அழித்துவிட்டுக் கை நின்றது.

“இதுல என்ன வைக்கிறது?”

“அண்ணனைக் கேட்டீங்களா?”

அவர் தலை குனிந்தார்.

“அண்ணனா ஒண்ணு கேட்டா என்ன கேப்பாரு?”

“தெரியலை அம்மா. ஒன்பது மாசமா நான்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“தள்ளுங்க.”

அவள் அடித்தாள். ஒரே வார்த்தை. அந்த நேரம் பார்த்து மேகம் திரைக்குக் குறுக்கே வந்து நின்றது. பரஞ்சோதியும் பார்க்கவில்லை, தாவீதும் பார்க்கவில்லை. அது மேகத்தின் வேலையா, அவள் சொல்லி வைத்ததா என்று பின்னாளில் நான் கேட்டேன். டீ கொடுத்தாள்.

“நோட்பேடு போதுமா அம்மா? பின்னால பெருசா எழுதணும்னா…”

“பெருசா எழுதும்போது வாங்க. பதினொண்ணைப் பத்தியும் பேசுவோம். இப்ப இறங்குங்க.”

இறங்கினார். அன்றைக்குப் படிகளை எண்ணவில்லை. எண்ணியிருந்தால் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டும் இருந்திருக்கும்.

*

வீட்டில் அம்பலவாணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

பரஞ்சோதி கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்தார். அந்த இடைவெளியில் ஒரு முக்காலியைச் செருகினார். அதன்மேல் லேப்டாப்பை வைத்தார். சுவர் இருந்த இடத்தில் அண்ணனுக்கு இப்போது பதினோரு பொத்தான்கள் இருந்தன.

அண்ணன் கண்ணை மூடவில்லை.

“தொட்டாப் பேசும் அண்ணே. இங்க பாரு.” கட்டிலுக்கு மேலாகக் குனிந்து தொட்டுக் காட்டினார்.

“தண்ணி,” என்றது.

அண்ணனின் இடது கை போர்வைக்குள் இருந்தது. அசையவில்லை.

 பயம் வந்தால் பரஞ்சோதிக்குப் பேச்சு பெருகும்.

“எழுத்து தெரியுதா அண்ணே? இன்னும் பெருசாக்கவா? பின்னணி கறுப்பா வேணும்னா கறுப்பு ஆக்கிரலாம். இது சும்மா நோட்பேடுல எழுதினது, நீ அதைப் பத்திக் கவலைப்படாத, எண்பத்தேழு மார்க் வாங்கினது ரெண்டு இருக்கு, அதுல ஒண்ணுல மாத்தி எழுதிட்டேன்னா இன்னும் அம்சமா…”

போர்வை விலகியது.

ஒரு விரல் வெளியே வந்தது. நடுங்கிக்கொண்டே காற்றில் போனது. ஒரு பொத்தானில் பட்டது.

“போதும்.”

பரஞ்சோதி வாயை மூடினார்.

விரல் திரும்பிப் போகவில்லை. தண்ணி வரை போய்த் திரும்பியது. டீயைத் தாண்டியது. கடைசிப் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. அம்பலவாணன் அதைப் படித்தார். மெல்லத் தலையைத் திருப்பி, கட்டிலருகே ஈரச் சட்டையோடு நின்றுகொண்டிருந்த தம்பியின் முகத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

பிறகு தொட்டார்.

“உட்காரு,” என்றது லேப்டாப்.